வரிக்காக நாடு மாறும் செல்வந்தர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வரி உயரப்போகிறது என்ற செய்தி வந்ததுமே செல்வந்தர்கள் எல்லாரும் நாட்டை விட்டுப் போய்விடுவார்கள் என்று ஒரு சாரார் எச்சரிப்பதும், போகிறவர்கள் போகட்டும், அதனால் நாட்டுக்கு எந்த இழப்பும் இல்லை என்று மறு சாரார் சொல்வதும் பல நாடுகளில் வழக்கமாகிவிட்டது. சட்டம் என்ன சொல்கிறது, இதுவரை நடந்தது என்ன என்று பார்த்தால் இரண்டு கூற்றுகளும் நிற்பதில்லை. பல நாடுகளின் வரிச் சட்டங்களையும் நீதிமன்றம் வரை சென்ற வழக்குகளையும் ஆய்வு முடிவுகளையும் கொண்டு கீழ்க்காணும் பதில்கள் எழுதப்பட்டுள்ளன. இவை பொது விளக்கங்களே. தனி ஒருவரின் நிலைக்கு அந்தந்த நாட்டின் வரி வல்லுநரைக் கேட்பதுதான் சரி.

வரி குறைவான நாட்டுக்குக் குடிபெயர்வது குற்றமா?

குற்றமில்லை. எந்த நாட்டில் வாழ்வது என்று தீர்மானிக்கும் உரிமை ஒருவருக்கு உண்டு. அந்தத் தீர்மானத்துக்கு வரியே முதன்மைக் காரணமாக இருந்தாலும் பெரும்பாலான நாடுகள் அதைத் தண்டிப்பதில்லை. குடிபெயராமலேயே குடிபெயர்ந்துவிட்டதாகக் கணக்குக் காட்டுவதும், அறிவிக்க வேண்டிய வருமானத்தை அறிவிக்காமல் மறைப்பதும்தான் குற்றம். இது தொடர்பாக நீதிமன்றங்களுக்கு வந்த பெரிய வழக்குகள் பலவற்றிலும் விசாரிக்கப்பட்டது ஒன்றே: அவர் உண்மையில் போனாரா, இல்லையா?

குடியுரிமையை மாற்றிக்கொண்டால் வரிப் பொறுப்பும் மாறிவிடுமா?

பெரும்பாலும் மாறாது. உலகின் மிகப் பல நாடுகள் ஒருவர் எங்கே வசிக்கிறார் என்பதை வைத்தே வருமான வரி விதிக்கின்றன; அவர் கையில் எந்த நாட்டின் கடவுச்சீட்டு இருக்கிறது என்பது அங்கே இரண்டாம் பட்சம். பிரெஞ்சு நடிகர் ஜெரார் தெபார்தியூ 2012இல் பெல்ஜிய எல்லைக் கிராமமான நெஷானில் வீடு வாங்கியதும், 2013 சனவரியில் ரஷ்யக் குடியுரிமை பெற்றதும் உலகெங்கும் செய்தியாயின. அப்போது பிரான்சில் பத்து லட்சம் யூரோவுக்கு மேற்பட்ட வருமானத்துக்கு 75 விழுக்காடு வரி என்ற திட்டம் விவாதிக்கப்பட்டுக்கொண்டிருந்தது. ஊடகங்கள் பெரிதாகப் பேசியது கடவுச்சீட்டைப் பற்றி. வரிக் கணக்கைப் பொறுத்தவரை அவர் எங்கே வாழ்கிறார் என்பதே பொருட்படுத்தத் தக்கதாக இருந்தது.

இந்தப் பொது விதிக்கு முக்கியமான விலக்கு அமெரிக்கா. அமெரிக்கக் குடிமகன் உலகின் எந்த மூலையில் வாழ்ந்தாலும், வெளிநாட்டில் கட்டிய வரிக்கும் ஈட்டிய ஊதியத்தில் ஒரு பகுதிக்கும் சலுகை உண்டு என்றாலும், தன் உலக வருமானம் முழுவதையும் அந்நாட்டு வரித்துறைக்கு ஆண்டுதோறும் தெரிவிக்க வேண்டும். எரித்திரியாவும் வெளிநாட்டில் வாழும் தன் மக்களிடம் இரண்டு விழுக்காடு வரி கேட்கிறது. ஆகவே அமெரிக்கர் ஒருவர் இந்தப் பொறுப்பிலிருந்து விலக வேண்டுமானால் குடியுரிமையையே துறக்க வேண்டும். முகநூல் நிறுவனர்களில் ஒருவரான எடுவார்டோ சவெரின், அந்நிறுவனத்தின் பங்குகள் 2012இல் சந்தைக்கு வருவதற்கு முந்தைய ஆண்டில் அப்படித் துறந்தார். அவர் வாழ்ந்த சிங்கப்பூரில், பங்கு போன்ற சொத்துகளை விற்ற இலாபத்துக்கான மூலதன ஆதாய வரி கிடையாது.

ஆண்டில் 183 நாள்கள் வெளியே இருந்தால் போதும் என்கிறார்களே?

இந்தத் துறையில் மிகுதியாகப் பரவியிருக்கும் தவறான நம்பிக்கை இதுவே. 183 நாள்கள் என்பது பல சட்டங்களில் இருக்கும் அளவுகோல்களில் ஒன்று. அந்த எண்ணைத் தாண்டினால் ஒருவர் அந்நாட்டில் வசிப்பவராகிவிடுவார். தாண்டாவிட்டால் வசிப்பவர் அல்லர் என்று முடிவாகிவிடுவதில்லை. குடும்பம் எங்கே இருக்கிறது, எப்போதும் திறந்து உள்ளே போகத்தக்க வீடு எங்கே இருக்கிறது, தொழிலை எங்கிருந்து நடத்துகிறார், பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள் என்று ஒவ்வொன்றையும் வரித்துறை ஆராயும். மின்கட்டணச் சீட்டு, கடன் அட்டைச் செலவு, கைப்பேசிப் பதிவு, விமானப் பயணப் பட்டியல் ஆகியவை சான்றுகளாகும்.

டென்னிஸ் வீரர் போரிஸ் பெக்கர் தாம் மொனாக்கோவில் வசிப்பதாகச் சொல்லிவந்தார். 1991 முதல் 1993 வரை அவர் பெரும்பாலும் வாழ்ந்தது மியூனிக் நகரில்தான் என்பது விசாரணையில் தெரியவந்தது. 2002இல் அந்நகர நீதிமன்றம் அவரை வரி ஏய்ப்புக் குற்றவாளி எனத் தீர்ப்பளித்து, இரண்டு ஆண்டுச் சிறைத் தண்டனையை நிறுத்திவைத்தது. பாடகி ஷகிரா 2012 முதல் 2014 வரையிலான ஆண்டுகளில் தம் வரி வசிப்பிடம் பஹாமாஸ் என்று காட்டியிருந்தார். அந்த ஆண்டுகளில் பாதிக்கு மேற்பட்ட நாள்களை அவர் ஸ்பெயினில் கழித்ததாக அந்நாட்டு அரசு வழக்கறிஞர்கள் வாதிட்டனர். 1.45 கோடி யூரோ வரி தொடர்பான அந்த வழக்கு, 2023 நவம்பரில் விசாரணை தொடங்கிய நாளிலேயே, அவர் குற்றச்சாட்டை ஏற்று எழுபது லட்சம் யூரோவுக்கு மேல் அபராதம் செலுத்தச் சம்மதித்ததோடு முடிந்தது.

நாள் கணக்கை மட்டும் நம்புகிறவர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டியது பிரிட்டனின் கெய்ன்ஸ்-கூப்பர் வழக்கு. 1976 முதல் தாம் செஷல்ஸ் தீவில் குடியேறிவிட்டதாகக் கூறிய இந்தத் தொழிலதிபர், பிரிட்டனுக்கு வந்துபோகும் நாள்கள் ஆண்டுக்குச் சராசரியாக, வரித்துறையின் வழிகாட்டி நூல் சொன்ன 91க்குள் இருக்குமாறு பார்த்துக்கொண்டதாக வாதிட்டார். ஆனால் அவருடைய குடும்ப வீடும் சமூக உறவுகளும் இங்கிலாந்திலேயே தொடர்ந்தன. வரித்துறையின் வழிகாட்டி நூலை நம்பி நடந்ததாக அவர் சொன்னதை 2011இல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. பழைய வாழ்க்கையிலிருந்து தெளிவாக விலகியவர்களுக்கே அந்த 91 நாள் சலுகை என்பது தீர்ப்பின் சாரம். இதற்குப் பிறகுதான், 2013இல், வசிப்பவர் யார் என்பதைத் தீர்மானிக்க விரிவான சட்டச் சோதனை ஒன்றைப் பிரிட்டன் கொண்டுவந்தது.

இரண்டு நாடுகளும் ஒருவரைத் தம் நாட்டில் வசிப்பவர் என்று கூறினால், அவற்றுக்கிடையே உள்ள இரட்டை வரிவிதிப்புத் தவிர்ப்பு ஒப்பந்தம் முடிவு சொல்லும். நிரந்தர வீடு எங்கே, குடும்பத்துக்கும் பொருளாதார உறவுகளுக்கும் மையம் எங்கே, வழக்கமாக வாழ்வது எங்கே, எந்த நாட்டுக் குடிமகன் என்ற வரிசையில் அது கேட்டுக்கொண்டே போகும். எதிலும் தீராவிட்டால் இரண்டு நாட்டு அதிகாரிகளும் பேசித் தீர்ப்பார்கள். குடியுரிமை இந்த வரிசையில் எவ்வளவு பின்னால் வருகிறது என்பதைக் கவனிக்கலாம்.

எந்த நாட்டிலும் நிலையாகத் தங்காமல் சுற்றிக்கொண்டே இருந்தால்?

பழைய நாட்டில் வசிப்பவர் என்ற நிலை, புதிய இடம் ஒன்று உறுதியாகும்வரை தொடர்வதாகக் கொள்ளும் நாடுகள் உண்டு. இந்தியா 2020ஆம் ஆண்டு நிதிச் சட்டத்தின் வழியாக நேராகவே ஒரு விதியைச் சேர்த்தது: வெளிநாட்டு வருமானம் நீங்கலாக 15 லட்சம் ரூபாய்க்கு மேல் வருமானம் உள்ள இந்தியக் குடிமகன், வசிப்பிடம் முதலிய காரணங்களால் வேறு எந்த நாட்டிலும் வரிக்கு உட்படாதவராக இருந்தால், அவர் இந்தியாவில் வசிப்பவராகக் கருதப்படுவார். இதனால் அவருடைய உலக வருமானம் முழுவதும் வரிக்குள் வந்துவிடாது. இந்திய வருமானமும் இந்தியாவிலிருந்து நடத்தப்படும் தொழிலின் வருமானமுமே வரும்.

பெரும்பாலும் எங்கே போகிறார்கள்?

மொனாக்கோ 1869 முதல் தன் நாட்டில் வசிப்பவர்களிடம் வருமான வரி வாங்குவதில்லை. ஆனால் 1963ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் காரணமாக, அங்கே குடியேறும் பிரெஞ்சுக் குடிமக்கள் பிரான்சுக்கு வரி கட்டியே ஆக வேண்டும். பக்கத்து நாட்டு அரசு உறுதியாக நின்றால் வரிப் புகலிடத்தின் கதவையும் தன் மக்களுக்கு அடைக்க முடியும் என்பதற்கு, அறுபது ஆண்டுகளுக்கு மேலாக நிற்கும் சான்று இது.

சுவிட்சர்லாந்தில் வேலை செய்யாத வெளிநாட்டவருக்கு, அவர்களின் உண்மையான வருமானத்தைக் கணக்கிடாமல், வாழ்க்கைச் செலவை அடிப்படையாகக் கொண்டு வரி விதிக்கும் முறை உண்டு. வீட்டு வாடகையின் ஏழு மடங்கு என்பது அதன் கீழ்வரம்புகளில் ஒன்று. சூரிச் மாநில மக்கள் 2009இல் வாக்கெடுப்பு மூலம் இதை ஒழித்தார்கள். நாடு முழுவதும் ஒழிக்கலாமா என்று 2014இல் கேட்டபோது பெரும்பான்மையினர் வேண்டாம் என்றனர். இத்தாலி 2017இல், புதிதாகக் குடியேறுவோர் தம் வெளிநாட்டு வருமானத்துக்கு ஆண்டுக்கு ஒரு லட்சம் யூரோ கட்டினால் போதும் என்றது. 2024இல் அந்தத் தொகையை, புதிதாக வருவோருக்கு இரண்டு லட்சமாக்கியது. ஐக்கிய அரபு அமீரகத்தில் தனிநபர் வருமான வரி இல்லை. நிறுவன இலாபத்துக்கு 2023 சூனிலிருந்து ஒன்பது விழுக்காடு வரி வந்துவிட்டது. போர்ச்சுகல் 2009இல் தொடங்கிய சலுகைத் திட்டத்தைப் புதியவர்களுக்கு 2024இல் மூடியது. பிரிட்டனோ, தன் நாட்டில் வாழும் வெளிநாட்டுப் பின்னணியினருக்கு இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக அளித்துவந்த சலுகையை 2025 ஏப்ரல் 6 அன்று முடித்து, புதிதாக வருவோருக்கு நான்கு ஆண்டுச் சலுகையோடு நிறுத்திக்கொண்டது.

இன்று கிடைக்கும் சலுகையை நம்பி ஒரு குடும்பம் முழுவதையும் பெயர்த்துக்கொண்டு போகிறவர்கள் இந்தத் தேதிகளை வரிசையாகப் பார்ப்பது நல்லது. சலுகை கொடுக்கும் நாடு தன் உள்நாட்டு அரசியலுக்கேற்ப அதை மாற்றும். புதிதாக வந்தவருக்கு அங்கே பெரும்பாலும் வாக்கும் இருக்காது.

வெளியேற்ற வரி என்றால் என்ன?

ஒருவர் நாட்டை விட்டு வெளியேறும் நாளில், அவர் தம் பங்குகளையும் பிற சொத்துகளையும் சந்தை விலைக்கு விற்றுவிட்டதாகக் கருதி, அதுவரை ஏறியிருக்கும் மதிப்புக்கு வரி விதிப்பதே இது. உண்மையில் எதுவும் விற்கப்பட்டிருக்காது.

இதன் தேவை ஒரு ஜெர்மானிய வணிகரின் கதையில் தெளிவாகத் தெரியும். பல்பொருள் அங்காடிகளின் உரிமையாளரான ஹெல்முட் ஹோர்ட்டன் 1960களின் பிற்பகுதியில் சுவிட்சர்லாந்துக்குக் குடிபெயர்ந்து, அதன்பின் தம் நிறுவனப் பங்குகளை விற்றார். பல ஆண்டுகள் ஜெர்மனியில், ஜெர்மானியத் தொழிலாளர்களாலும் வாடிக்கையாளர்களாலும் வளர்ந்த செல்வத்தின் ஆதாயத்துக்கு ஜெர்மனியால் வரி வாங்க முடியவில்லை. 1972இல் அந்நாடு கொண்டுவந்த வெளிநாட்டு வரிச் சட்டம் இன்றும் மக்கள் பேச்சில் அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது; ஒரு நிறுவனத்தில் ஒரு விழுக்காடாவது பங்கு வைத்திருப்பவர் வெளியேறினால் அது பாயும். கனடாவும் வெளியேறுவோர் சொத்துகளை விற்றதாகவே கருதுகிறது. ஜப்பான் 2015இல் இதைத் தொடங்கியது. அமெரிக்கக் குடியுரிமையைத் துறப்பவரின் நிகரச் சொத்து இருபது லட்சம் டாலரை எட்டினால், 2008ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஒரு வரம்புக்கு மேற்பட்ட ஆதாயத்துக்கு அவரும் வரி கட்டுவார்.

இந்த வரியை எதிர்ப்போர் சொல்வதில் ஒரு நியாயம் உண்டு: கைக்கு வராத பணத்துக்கு எப்படி வரி கட்டுவது? ஐரோப்பிய நீதிமன்றம் 2004இல் பிரான்சின் வெளியேற்ற வரியை இப்படிப்பட்ட காரணத்தாலேயே, நாடு விட்டு நாடு சென்று தொழில் செய்யும் சுதந்திரத்துக்குத் தடை என்று கூறி நிராகரித்தது. பிரான்ஸ் 2011இல் மாற்றங்களோடு மீண்டும் கொண்டுவந்தது. நார்வேயின் அனுபவம் இதற்கு நேர்மாறான பாடத்தைத் தருகிறது. அங்கே வெளியேறி ஐந்து ஆண்டுகள் பங்குகளை விற்காமல் காத்திருந்தால் வரிப் பொறுப்பு அற்றுப்போகும் என்ற விதி இருந்தது. ஒருவரின் நிகரச் சொத்து மதிப்புக்கு ஆண்டுதோறும் விதிக்கப்படும் செல்வ வரியின் மேல் விகிதம் 2022இல் 1.1 விழுக்காடானபோது, தொழிலதிபர் ஷெல்-இங்கே ரோக்கே உள்ளிட்ட பெருஞ்செல்வர்கள் பலர் சுவிட்சர்லாந்துக்குச் சென்றார்கள். அதன் பின்னரே அந்த ஐந்தாண்டு வழி அடைக்கப்பட்டு, பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் வரியைத் தீர்க்க வேண்டும் என்ற ஏற்பாடு வந்தது.

என் கருத்தில், இந்தத் துறையில் உள்ள கருவிகளிலேயே மிகவும் நேர்மையானது வெளியேற்ற வரிதான். அது யாரையும் போகாதே என்று தடுப்பதில்லை; இனி வேறு நாட்டில் ஈட்டப்போவதில் பங்கும் கேட்பதில்லை. தன் சாலைகளையும் நீதிமன்றங்களையும் படித்த தொழிலாளர்களையும் கொண்டு விளைந்த ஆதாயத்தில் தனக்குரியதை மட்டும் ஒரு நாடு கேட்கிறது. பணம் கையில் வரும்வரை தவணை கொடுப்பதும், பிறகு மதிப்புச் சரிந்தால் அதைக் கணக்கில் கொள்வதும் அந்த நேர்மையின் மறுபாதி.

நிலமும் வீடும் பழைய நாட்டிலேயே இருந்தால்?

அவற்றின் வாடகைக்கும் விற்பனை ஆதாயத்துக்கும், உரிமையாளர் எங்கே வாழ்ந்தாலும், நிலம் இருக்கும் நாடு வரி விதிக்கும். ஈவுத்தொகையிலும் வட்டியிலும் பல நாடுகள் முன்கூட்டியே பிடித்தம் செய்கின்றன. ஆள் இடம்பெயர்வதால் பெரிதும் மாறுவது பங்கு விற்பனை ஆதாயமும் வெளிநாட்டு முதலீட்டு வருமானமுமே. ஆகவே இந்த வழியில் மெய்யாகவே பயனடைகிறவர் பெரும் பங்குடைமை கொண்டவர். மாதச் சம்பளக்காரர் அல்லர்.

வெளிநாட்டு வங்கிக் கணக்கு பழைய நாட்டுக்குத் தெரியாமல் இருக்குமா?

முன்பு இருந்தது. பொருளாதாரக் கூட்டுறவு மற்றும் வளர்ச்சி அமைப்பு 2014இல் ஏற்ற பொதுத் தரத்தின்படி, 2017 முதல் நாடுகள் ஒன்றுக்கொன்று கணக்கு விவரங்களைத் தாமாகவே அனுப்பிவருகின்றன. சுவிட்சர்லாந்து, சிங்கப்பூர், அமீரகம் உட்பட நூற்றுக்கும் மேற்பட்ட ஆட்சிப் பகுதிகள் இதில் சேர்ந்துள்ளன. அமெரிக்கா இதில் சேராமல், 2010இல் இயற்றிய தன் சொந்தச் சட்டத்தின் வழியாகத் தகவல் பெறுகிறது. கணக்குத் திறக்கும்போது ஒருவர் தம் வரி வசிப்பிடம் என்று எதைச் சொல்கிறாரோ அந்த நாட்டுக்கே விவரம் செல்லும் என்பதால், பணம் கொடுத்து வாங்கிய வசிப்பிடச் சான்றிதழைக் காட்டி ஏமாற்றும் முயற்சிகள் தொடர்கின்றன. சட்டப்படி குடிபெயர்ந்தவருக்கு இந்த ஏற்பாட்டால் எந்த அச்சமும் இல்லை.

உண்மையில் எத்தனை பேர் இப்படிப் போகிறார்கள்?

ஆண்டுதோறும் இத்தனை ஆயிரம் கோடீஸ்வரர்கள் வெளியேறுகிறார்கள் என்று செய்தித்தாள்களில் வரும் எண்களில் பல, குடியேற்ற ஆலோசனையை விற்கும் நிறுவனங்களிலிருந்து வருபவை. வரித்துறைப் பதிவுகளைக் கொண்டு செய்யப்பட்ட ஆய்வுகள் தரும் படம் மிகவும் அடக்கமானது. அமெரிக்காவில் ஆண்டுக்குப் பத்து லட்சம் டாலருக்கு மேல் வருமானம் உடையவர்களின் பதின்மூன்று ஆண்டு வரிப் பதிவுகளைச் சமூகவியலாளர் கிறிஸ்டோபல் யங் குழுவினர் ஆராய்ந்து 2016இல் வெளியிட்டனர். அவர்களில் ஓராண்டில் மாநிலம் விட்டு மாநிலம் போகிறவர்கள் 2.4 விழுக்காட்டினர், மக்கள்தொகை முழுவதையும் எடுத்துக்கொண்டால் 2.9 விழுக்காட்டினர். ஒரே நாட்டுக்குள், மொழியும் சட்டமும் மாறாத நிலையிலேயே பணக்காரர்கள் மற்றவர்களைவிடக் குறைவாகத்தான் நகர்கிறார்கள் என்றால், நாடு விட்டு நாடு போவது எவ்வளவு கடினம் என்பதை எண்ணிப்பார்க்கலாம். பெருவருமானம் உடையவர் பெரும்பாலும் நடுவயதினர், மணமானவர், பள்ளியில் பிள்ளைகள் உள்ளவர், தம் ஊரில் தம்மை அறிந்தவர்களை நம்பியே தொழில் நடத்துபவர்.

அப்படியானால் வரி விகிதத்தால் எந்த விளைவும் இல்லையா?

அப்படிச் சொல்வதும் பிழை. எங்கும் வேர்விடாதவர்கள், இளம் வயதினர், தொழிலே நாடு நாடாகச் செல்வதாக அமைந்தவர்கள் ஆகியோரிடம் விளைவு தெளிவாகத் தெரிகிறது. டென்மார்க் 1991இல், அதிகச் சம்பளம் பெறும் வெளிநாட்டு வல்லுநர்களுக்குச் சில ஆண்டுகள் மட்டும் குறைந்த வரி என்று அறிவித்ததும், அந்தத் தகுதி வரம்புக்கு மேலே சம்பளம் பெறும் வெளிநாட்டவரின் எண்ணிக்கை இரட்டிப்பானது. ஒப்பந்தம் முடிந்த வீரர்கள் தடையின்றி அணி மாறலாம் என்ற 1995ஆம் ஆண்டு போஸ்மன் தீர்ப்புக்குப் பிறகு ஐரோப்பியக் கால்பந்து வீரர்கள் எந்த நாட்டு அணியில் சேர்கிறார்கள் என்பதிலும் வரி விகிதத்தின் தடம் இருப்பதை ஹென்ரிக் கிளெவன் முதலிய பொருளியலாளர்கள் காட்டியுள்ளனர்.

தலைமுறை கடந்து நிற்கும் இழப்புகளும் உண்டு. ஐக்கியா நிறுவனர் இங்வார் காம்ப்ராட் 1973இல் சுவீடனை விட்டு டென்மார்க்குக்கும் பின்னர் சுவிட்சர்லாந்துக்கும் போனவர், 2014இல்தான் திரும்பினார். இடைப்பட்ட காலத்தில் சுவீடன் 2004இன் இறுதியில் வாரிசுரிமை வரியையும் 2007இல் செல்வ வரியையும் ஒழித்திருந்தது. பிரிட்டனில் 1970களில் முதலீட்டு வருமானத்தின் மேல் அடுக்குக்கு வரி 98 விழுக்காடு வரை ஏறியிருந்தது. நூறு பவுண்டில் இரண்டு மட்டும் மிஞ்சும் நிலையில் ஒருவர் வெளியேறுவதை வெறும் பேராசை என்று சொல்லிவிட என்னால் இயலவில்லை. அந்த நிலையையும், இன்று நாற்பது அல்லது நாற்பத்தைந்து விழுக்காட்டைக் காட்டி எழும் முறையீட்டையும் ஒரே தராசில் வைப்பது நியாயமாகாது.

பிள்ளைகளுக்குப் போய்ச்சேரும் சொத்துக்கு வரி உண்டா?

பலர் கணக்கில் கொள்ளத் தவறுவது இதுவே. பிரிட்டனின் புதிய விதிப்படி, கடந்த இருபது ஆண்டுகளில் பத்து ஆண்டுகள் அங்கே வசித்தவரின் உலகச் சொத்துகள் 40 விழுக்காடு வாரிசுரிமை வரிக்கு உட்படும். வெளியேறிய பிறகும் மூன்று முதல் பத்து ஆண்டுகள் வரை அந்தப் பொறுப்பு தொடரும். ஜெர்மானியக் குடிமக்களுக்கு இது ஐந்து ஆண்டுகள். குடியுரிமை துறந்த அமெரிக்கச் செல்வர், அமெரிக்காவில் வாழும் தம் மகளுக்குப் பெருந்தொகை கொடுத்தால், பெற்றவரான மகள் அதற்கு வரி கட்ட வேண்டி வரலாம். வயதான காலத்தில் குடிபெயர நினைப்பவர் வருமான வரியைவிட முதலில் பார்க்க வேண்டியது இந்த விதிகளைத்தான்.

சில ஆண்டுகள் வெளியே இருந்துவிட்டுத் திரும்பலாமா?

திரும்பலாம். ஆனால் பங்குகளை விற்பதற்காக மட்டும் வெளியே போய்வருவதைப் பல நாடுகள் கண்டுகொண்டுவிட்டன. பிரிட்டனை விட்டுப் போனவர் ஐந்து ஆண்டுகளுக்குள் திரும்பினால், போகும்போது வைத்திருந்த சொத்துகளை இடையில் விற்ற ஆதாயம், திரும்பிய ஆண்டின் வருமானத்தோடு சேர்க்கப்படும்.

நாடுகள் சேர்ந்து ஏதாவது செய்ய முடியுமா?

1990இல் அந்தப் பொருளாதாரக் கூட்டுறவு அமைப்பின் நாடுகளில் பன்னிரண்டு செல்வ வரி விதித்தன. 2017இல் நான்கு மட்டுமே எஞ்சின. அடுத்த நாட்டுக்குப் போய்விடுவார்கள் என்ற அச்சம் இதற்கு ஒரு முக்கியக் காரணம். 2024இல் ஜி20 தலைமையில் இருந்த பிரேசிலின் வேண்டுகோளின்படி, பொருளியலாளர் கேப்ரியல் சுக்மன், நூறு கோடி டாலருக்கு மேல் செல்வம் உடையவர்கள் ஆண்டுக்கு அதில் இரண்டு விழுக்காடாவது வரியாகக் கட்ட வேண்டும் என்று முன்மொழிந்தார். உலகில் ஏறத்தாழ மூவாயிரம் பேரைத் தொடும் இந்த வரியால் ஆண்டுக்கு 20,000 கோடி முதல் 25,000 கோடி டாலர் வரை திரட்டலாம் என்பது அவர் மதிப்பீடு. அதே கருத்தைப் பிரெஞ்சுக் கீழவை 2025 பிப்ரவரியில் ஏற்றது. சூனில் மேலவை நிராகரித்தது. அந்த மசோதாவில், நாட்டை விட்டு வெளியேறியவரையும் ஐந்து ஆண்டுகள் வரை இந்த வரி தொடரும் என்ற பிரிவு இருந்தது. எல்லா நாடுகளும் உடன்படும் நாளுக்காகக் காத்திராமல் ஒரு நாடு தானே செய்யத்தக்க ஏற்பாடு அது. இனி வரும் சட்டங்கள் பெரும்பாலும் இந்தத் திசையிலேயே அமையும் என்று எண்ணுகிறேன்.